ஆக்ஸ்ஃபோர்டும் சுற்றுக் கிராமங்களும்: 3 நாளில் எதை விடலாம்?

தாமிரபரணிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். பர்மிங்ஹாமில் இருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஏப்ரல் 23, 24, 25 மூன்று நாளும் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கி, பக்கத்துக் கிராமங்களையும் பார்ப்பதாக யோசனை. கார் கிடையாது, ஒரு நாள் வேண்டுமானால் வாடகைக்கு எடுக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஊர் சாயர்புரம் பக்கம். ஜி.யு. போப் கல்லறையைப் பார்க்காமல் விமானம் ஏற மாட்டேன் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டைப் பார்த்தாலே முகம் மாறிவிடும். எட்டு வயது மகளுக்கு டைனோசரைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. மனைவிக்குத் தேன் நிறக் கல்வீடும் வாத்து நீந்தும் ஓடையும் வேண்டும். எனக்கு இந்த நாலு பேரும் சண்டை போடாமல் இருந்தால் போதும்.

எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

நாலுசக்கரம்

முதல் வேலையாகக் காரை எடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்கு அரை நாள் தாராளம். கிறைஸ்ட் சர்ச் கல்லூரி, ராட்கிளிஃப் கேமரா என்ற வட்ட நூலகம், பெருமூச்சுப் பாலம், நாலு படம், முடிந்தது. மீதி இரண்டரை நாளும் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதி. பர்ஃபோர்டு, பிபரி, போர்ட்டன், ஸ்டோ என்று வரிசையாக ஒரே நாளில் ஆறு கிராமம் முடிக்கலாம். நான் எட்டு முடித்திருக்கிறேன்.

பழைய மாணவன்

எட்டுக் கிராமத்தை "முடித்த" கதையைக் கேட்டால் எனக்குக் கல்யாண வீட்டில் பந்தி எண்ணுகிறவர் ஞாபகம்தான் வருகிறது. நாலுசக்கரம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஆறு வருடம் அங்கே இருந்தவன். படித்தது பாதி, நடந்தது பாதி. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருகிறவர்கள் நகரம் தனி, கிராமம் தனி என்று பிரித்துக்கொள்கிறார்கள். நகரத்தின் கல்லும் ஓடும் இறைச்சியும் கம்பளியும் அந்தக் கிராமங்களிலிருந்து வந்தவைதான். கிராமம் பார்க்க முப்பது மைல் ஓட வேண்டியதில்லை. ஃபோலி பாலத்தில் இறங்கி, தேம்ஸ் கரையோடு தெற்கே ஒன்றரை மைல் நடந்தால் இஃப்லி வந்துவிடும். (அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பக்கத்துத் தேம்ஸை ஐசிஸ் என்பார்கள்.) தரை மட்டமான பாதை, வழியில் படகுப் பயிற்சி நடக்கும். அம்மா மெதுவாக வரலாம். திரும்புவதற்கு இஃப்லி சாலையில் பேருந்து இருக்கிறது. 1954 மே 6 அன்று ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடிய மைதானமும் அந்தச் சாலையில்தான்.

இஃப்லி தேவாலயம் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மேற்கு வாசலை நின்று பாருங்கள். வளைவு முழுக்க வரிசையாகப் பறவைத் தலைகள், ஒவ்வொன்றும் அலகால் வளைவைக் கவ்விப் பிடித்திருக்கும். நம் ஊர்க் கோயிலில் யாளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே அந்நியமாக எதுவும் தோன்றாது.

வல்லைவெளி

நாங்கள் போன கோடை லண்டனில் இருந்து ஒரு சுற்றுலாப் பேருந்தில் போனோம். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கோ. ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒன்றரை மணி நேரம், பிபரிக்கு 25 நிமிடம். அந்த 25 நிமிடத்தில் 15 நிமிடம் கழிப்பறை வரிசையிலேயே போய்விட்டது. மிச்சம் பத்து நிமிடத்தில் ஆர்லிங்டன் ரோ வீடுகளுக்கு முன்னால் போய் நின்றால், எங்களைப் போல இன்னும் மூன்று பேருந்துச் சனம். அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கினம். ஒரு அம்மா யன்னல் திரையை இழுத்து மூடினா பாருங்கோ, எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

தம்பி, பிபரிதான் வேண்டுமென்றால் காலமை எட்டு மணிக்கு முதல் போங்கோ. இல்லையெண்டால் விட்டுவிடுங்கோ.

நாலுசக்கரம்

சரி, பிபரியில் கூட்டம் உண்மைதான். ஆனால் அந்த வீடுகள் 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டியவை, பிறகு நெசவாளர் குடியிருப்பாக மாற்றினார்கள். வரலாறு இருக்கிறது, வெறும் படத்துக்காக யாரும் போவதில்லை.

பழைய மாணவன்

வெறும் படத்துக்காகத்தான் போகிறார்கள். சரி, அதை விடுவோம்.

மகளுக்கு டைனோசர் என்றீர்களே, அதற்கு ஆக்ஸ்ஃபோர்டை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அனுமதி இலவசம். அங்கே மெகலோசாரஸின் தாடையெலும்பு இருக்கிறது. 1824இல் வில்லியம் பக்லண்ட் அதை விவரித்துப் பெயர் வைத்தார். அறிவியல் முறைப்படி பெயர் பெற்ற முதல் டைனோசர் அதுதான். "டைனோசர்" என்ற சொல்லே 18 வருடம் கழித்து, 1842இல்தான் பிறந்தது.

அந்த எலும்பு வந்தது ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற கிராமத்திலிருந்து. வடமேற்கே பத்துப் பன்னிரண்டு மைல். அங்கே யாரும் டைனோசரைத் தேடித் தோண்டவில்லை, கூரை ஓட்டுக்குத் தோண்டினார்கள். நிலத்தடியில் ஒருவகைச் சுண்ணாம்புக்கல் அடுக்கு. வெட்டி மேலே கொண்டுவந்து, காய்ந்துவிடாமல் ஈரமாகவே வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் நல்ல உறைபனி விழும் இரவில் கல்லுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து விரிந்து, கல் தானாகவே தகடு தகடாகப் பிளக்கும். பனி வரும்போல் இருந்தால் தேவாலய மணியை அடிப்பார்களாம், ஊரே தூக்கத்திலிருந்து எழுந்து கல்லைத் திறந்து வைக்க ஓடுமாம். காய்ந்துபோன கல் பிளக்காது, அந்த வருட உழைப்பு வீண். அப்படிப் பிளந்த தகடுகள்தான் சுற்று வட்டாரக் கிராமங்களிலும் ஆக்ஸ்ஃபோர்டுக் கல்லூரிகளிலும் கூரை ஏறின. பெரிய தகடு கீழே இறவாணத்தில், மேலே போகப் போகச் சிறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அந்தத் தொழில் நின்றுபோனது.

முதலில் அருங்காட்சியகத்தில் எலும்பு, பிறகு கிராமத்தில் கூரை என்று காட்டுங்கள். இன்னொன்று, அந்த அருங்காட்சியகத்தின் உள்ளே இருக்கும் கல் தூண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பாறை. அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

கண்ணாடிக்காரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கல்லூரிகளைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? எல்லாக் கல்லூரியும் எல்லா நேரமும் திறந்திருக்காது. சில பிற்பகலில் மட்டும்தான் விடும், சில தேர்வுக்காலத்தில் மூடிக்கொள்ளும். கிறைஸ்ட் சர்ச்சுக்கு முன்கூட்டியே சீட்டு எடுங்கள், விலை கொஞ்சம் எரிச்சலூட்டும். எதற்கும் கிளம்பும் அன்று காலை அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பைப் பாருங்கள்.

மாட்லின் என்று வாயில் வரும் கல்லூரியை எழுத்தில் தேடினால் கிடைக்காது. எழுத்தில் அது மக்டலன். என் கணவர் முதல் தடவை அந்தக் கல்லூரி வாசலிலேயே நின்று மாட்லினுக்கு வழி கேட்டார்.

தாமிரபரணிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஸ்டோன்ஸ்ஃபீல்டு கதையை மகளிடம் சொன்னேன். இப்போது வீட்டுக் கூரையில் எலும்பு இருக்குமா என்று கேட்டுத் துளைக்கிறாள்.

போப் கல்லறை பற்றி யாராவது சொல்லுங்களேன். அப்பா தினமும் கேட்கிறார்.

பழைய மாணவன்

முதலில் அப்பாவின் மனத்தைத் தயார்ப்படுத்துங்கள். "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று கல்லில் பொறித்திருக்கும் என மேடைமேடையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே போனால் அப்படி எதுவும் இல்லை. நானும் முதல் தடவை புல்லை விலக்கி விலக்கித் தேடினேன்.

ஆனால் இருப்பது அதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் ஆலயக் குரு என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அதோடு, இந்தக் கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்ததாக ஒரு வரி. பிறந்தது கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், இறந்தது ஆக்ஸ்ஃபோர்டில். நடுவில் சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி. கல்லில் "தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்" என்று போட்டுவிட்டார்கள், பாருங்கள்.

இடம்: ஜெரிகோ பகுதி, வால்ட்டன் தெரு, செயின்ட் செபுல்கர் கல்லறைத்தோட்டம். 1848இல் திறந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது, ஒரு சந்துக்குள் போக வேண்டும். நகர மையத்திலிருந்து கால் மணி நடை, அம்மாவோடு என்றால் அரை மணி. அதே வால்ட்டன் தெருவில்தான் பல்கலைக்கழக அச்சகமும். 1893இல் நாலடியார், 1900இல் திருவாசகம், இரண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அந்த அச்சகத்தின் வெளியீடுதான். திருவாசகம் வரும்போது அவருக்கு 80 வயது.

இன்னொன்று. ஏப்ரல் 24 அவர் பிறந்தநாள். நீங்கள் அன்றைக்கு அங்கேதான் இருப்பீர்கள்.

வல்லைவெளி

மயிர் கூச்செறியுது தம்பி. பூ வாங்கிக்கொண்டு போங்கோ. நகர நடுவில் 1774இல் தொடங்கின மூடிய சந்தை இருக்குது, அங்கே பூக்கடை கண்டனான்.

அடைமழை

அப்பாவை ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போங்கள், இலவசம்தான். இங்கிலாந்தின் முதல் பொது அருங்காட்சியகம், 1683இல் தொடங்கியது. இப்போதைய கட்டடம் 19ஆம் நூற்றாண்டு. கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் செப்புத்திருமேனியை இந்த அருங்காட்சியகம் 1967இல் லண்டனில் ஏலத்தில் வாங்கியது. 1957இல் அதே சிலை கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் புகைப்படம் இருப்பது பிறகு தெரியவந்தது. 2024இல் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது. போப் கல்லறைக்குப் போகிற அன்றே இந்தக் கதையையும் அப்பாவிடம் சொல்லுங்கள். ஒரே ஊர், இரண்டு விதமான உறவு.

நாலுசக்கரம்

நான் சொன்னால் கார் பைத்தியம் என்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டின் கிழக்கே கௌலி. முன்பு தனிக் கிராமம், இப்போது நகரம் அதை விழுங்கிவிட்டது. சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் மாரிஸ் 1913இல் தன் முதல் காரை உருவாக்கினார், பெயர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அந்தப் பெயரில் பல மாதிரிகள் வந்தன. அதில் மூன்றாம் வரிசை மாதிரிதான் கல்கத்தா பக்கம் போய் அம்பாசிடர் ஆனது. 2014 வரை அதைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். கௌலியில் இப்போது மினி கார் செய்கிறார்கள்.

பழைய மாணவன்

இது நல்ல செய்தி. எட்டுக் கிராமத்தை மன்னித்துவிட்டேன்.

கண்ணாடிக்காரி

சாப்பாடு பற்றி: கிராமத்து பப்பில் மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், பல இடங்களில் நீங்களே கவுன்டருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றே காலுக்குப் போய், உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைக் கொறித்துவிட்டு வந்தோம். பெரியவர்கள் இருந்தால் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். ஆற்றங்கரைப் பெஞ்சில் புளியோதரைக்கு ஈடு கிடையாது.

சோறு, மசாலா என்று ஏங்கினால் கௌலி சாலைக்குப் போங்கள்.

அடைமழை

சேறு. யாரும் சொல்லாததால் சொல்கிறேன். மஞ்சள் அம்புக்குறி போட்ட நடைபாதை வயலுக்குள்ளும் போகும், ஆட்டுமந்தைக்குள்ளும் போகும். சட்டப்படி நமக்கு நடக்க உரிமை உண்டு. சேற்றுக்கும் அங்கே இருக்க உரிமை உண்டு. வேறு ஒரு ஜோடி காலணி வேண்டும். சில வேலிகளைப் படிபோல் ஏறித் தாண்ட வேண்டியிருக்கும், அம்மாவுக்கு அது ஆகாது. ஆற்றங்கரைப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடக்கத் தெம்பிருந்தால் போர்ட் மெடோ. உழவே காணாத மேய்ச்சல் நிலம், குதிரையும் மாடும் இஷ்டத்துக்குத் திரியும். அதன் வடக்கு முனையில் காட்ஸ்டோ, இரண்டாம் ஹென்றியின் காதலி ரோசமண்ட் அடக்கமான கன்னிமடத்தின் இடிபாடு. நான் கூட்டமே இல்லாமல் பார்த்திருக்கிறேன்.

தாமிரபரணிக்கரை

போய்வந்தாயிற்று. சொன்னவர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டாமா, அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

முதல் நாள். மெகலோசாரஸ் தாடையைப் பார்த்து மகள் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவுதானா?" ஒரு முழம்கூட இருக்காது போலிருக்கிறது. பல்லைப் பார் என்றேன். கத்தி போன்ற ஒரு பல் முழுதாக மேலே வந்திருக்கிறது, பக்கத்தில் புதுப்பல் முளைத்து எட்டிப் பார்க்கிறது. அவளுக்கும் அப்போது ஒரு பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. அம்மா தூண்களைத் தடவித் தடவி, எந்தக் கல் அம்மிக்கு ஆகும் என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் இஃப்லிக்கு நடந்தோம். பறவைத் தலைகளை எல்லாரும் ரசித்தோம். ஆனால் மனைவியைப் பிடித்துக்கொண்டது உள்ளே இருக்கும் ஜான் பைப்பரின் வண்ணக் கண்ணாடிச் சன்னல். ஒரு மரம், அதில் பறவைகள், லத்தீனில் பேசுகின்றன. சேவல் "கிறிஸ்து பிறந்தார்" என்கிறது. வாத்து "எப்போது? எப்போது?" காகம் "இந்த இரவில்." ஆந்தை "எங்கே? எங்கே?" ஆட்டுக்குட்டி "பெத்லகேம்!" லத்தீனில் சொன்னால் அந்தந்தப் பறவையின் குரல் போலவே இருக்கிறது. மகள் வழி நெடுக "உபி? உபி?" என்று ஆந்தை மாதிரிக் கத்திக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் நாள், 24. சந்தையில் பூ வாங்கினோம். கல்லறைக்குப் போகும் சந்து தெரியாமல் இரண்டு தடவை தாண்டிப் போனோம். அப்பாவிடம் நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன், அந்த வாசகம் இருக்காது என்று. "இருக்கும், நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய்" என்றார், நான் பார்த்ததே இல்லை என்பதைக்கூட மறந்து. கல்லறைக்கு முன்னால் குனிந்து ஒரு தடவை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை. வகுப்பில் கட்டுரை நோட்டைத் திருத்தும்போது இருக்கும் அதே முகம். கடைசியில் "தமிழ் நண்பர்கள்" என்ற இடத்தில் விரலை வைத்து, "முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்" என்றார். வருத்தப்படுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, ஊரில் யார் யாருக்கு உடனே போன் போட வேண்டும் என்று பட்டியல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அங்கே நின்றே ஒருவரைக் கூப்பிட்டு, கல்லில் இருப்பதை வரிவரியாகத் தமிழாக்கிச் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் நம்பவில்லை. படம் அனுப்பு என்றாராம்.

ஆஷ்மோலியன் கதையை அன்று மாலை சொன்னேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் கார். நாலுசக்கரம் அண்ணா, இரண்டே கிராமம்தான், மன்னிக்கவும். ஸ்டோன்ஸ்ஃபீல்டில் பார்க்க வேண்டிய இடம் என்று பலகை போட்டு எதுவும் இல்லை. கூரைகளைத்தான் பார்த்தோம். ஓடுகள் பாசி பிடித்து, நடுவே லேசாகத் தொய்ந்து, கீழே பெரிதாக மேலே சிறிதாக, சொன்ன மாதிரியே. ஒரு மதில் சுவரில் சிப்பித் துண்டுகள் இருந்ததை மகள் கண்டுபிடித்தாள். எலும்பு கிடைக்கவில்லை.

பிறகு பர்ஃபோர்டு. கடைத்தெரு ஆற்றைப் பார்த்துச் சரிவாக இறங்குகிறது, அம்மா பாதியிலேயே ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்துகொண்டார். ஸ்கோன் என்ற பண்டத்தைத் தின்றுவிட்டு "இனிப்பு போடாத பன்னு, அதற்கு ஜாம் தடவ நாமே கூலி" என்று தீர்ப்பு சொன்னார். நாங்கள் தேவாலயத்துக்குப் போனோம். 1649இல் கிராம்வெல்லின் படைக்குள்ளேயே கலகம் செய்த, சமத்துவம் கேட்ட லெவலர் குழுவினரை இங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். மூன்று பேரை வெளியே கொண்டுபோய்ச் சுட்டார்கள். உள்ளே அடைபட்டிருந்தவர்களில் ஒருவன், ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத் தகட்டில் கீறி வைத்திருக்கிறான்: ஆன்டனி செட்லி, 1649, கைதி. கைதி என்ற சொல்லில் ஒரு எழுத்து குறைகிறது. அப்பாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். "திருத்த வேண்டாம்" என்றார், யாரோ திருத்தக் கேட்டது போல.

வல்லைவெளி

அப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. பிபரி?

தாமிரபரணிக்கரை

போகவில்லை அக்கா. மனைவிக்கு வாத்து பர்ஃபோர்டிலேயே கிடைத்துவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இரண்டாம் நாள் இரவு கிறைஸ்ட் சர்ச் மணிக்கூண்டுக்கு முன்னால் போய் நின்றோம். ஒன்பது மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அம்மா கிளம்பலாம் என்றார். ஒன்பது ஐந்துக்கு அடிக்க ஆரம்பித்தது. ஆக்ஸ்ஃபோர்டு நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்து நிமிடம் பின்னால் என்ற பழைய கணக்கை அந்த மணி இன்னும் விடவில்லையாம். முதன்முதலில் இருந்த 100 மாணவர், பிறகு சேர்த்த ஒருவர் என்ற கணக்கில் 101 தடவை. நாங்கள் ஐந்து பேரும் விரல் மடக்கி எண்ணினோம். மகளுக்கு 99, எனக்கு 101, அப்பாவுக்கு 103. அம்மா எண்ணி முடிக்கவில்லை, நாற்பதிலேயே காதைப் பொத்திக்கொண்டுவிட்டார். மனைவி இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.